தில்லிக் குளிரும் ஊர்க் கண்ணும்

போன மார்கழியில் பாளையங்கோட்டையிலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய மகள் குர்கானில் வேலை பார்க்கிறாள். துவாரகாவில் எங்களோடுதான் இருக்கிறாள். வரன் பார்ப்பதற்குப் புதிதாக ஒரு புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். "மூணு வருஷமா தில்லித் தண்ணி, தில்லிக் குளிரு. பிள்ளைக்குக் கொஞ்சம் நிறம் வந்துருக்கும்லா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "அந்த ஊரு ஒரு மாதிரி. எவன்கூடயும் சேர்ந்து சுத்தாமப் பாத்துக்கோம்மா."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இந்த இரண்டையும் கேட்காத வீடு குறைவு. தில்லி தன் நிறத்தை நம் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும், தன் பழக்கத்தை மட்டும் கொடுத்துவிடக் கூடாது! இது என்ன கணக்கு என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் 1986-ல் கல்யாணமாகி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து புது தில்லி நிலையத்தில் இறங்கியவள். ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் முதல் நாளே என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, வீட்டில் சோறு போடமாட்டார்களா என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார், மறுநாள் ஒரு கிண்ணம் நெய்யும் வந்தது. கறிகாய்க்காரனோ என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் 'மதராஸி' என்றான். தெருவில் விளையாடிய பொடிசுகள் 'காலி' என்று ஒரு சொல்லைக் கூவிவிட்டு ஓடினார்கள். காளியம்மனைச் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் சிரித்தேன். கறுப்பி என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

நிறத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே ஒரு வேடிக்கை. வெளுத்த தோலை நாம் 'சிவப்பு' என்கிறோம். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, ஊரிலிருந்து வந்த பாட்டி யாரையோ 'நல்ல சிவப்பு' என்று புகழ்ந்ததைக் கேட்டுவிட்டு, "லால் கலரில் எப்படிம்மா ஆள் இருப்பாங்க?" என்றாள். இந்திக்காரர்களுக்குக் கோதுமை இருக்கிறது, அதனால் 'கேஹுவா'. நமக்கு மாநிறம். இந்த 'மா' பழைய தமிழில் மாமை. மாந்தளிரின் நிறம் அது. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவிக்கு அழகு அந்த மாமைதான். பிரிவுத் துயரால் அது போய், உடலில் வெளிறிப் பரவுவது பசலை. அது நோய்! வள்ளுவர் அதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அந்தக் காலத் தலைவி எதை நினைத்து அழுதாளோ, அதைத்தான் இந்தக் காலத்து மகள் கடைக்குப் போய்ப் பசைக் குழாயில் வாங்கி வருகிறாள். இந்துஸ்தான் லீவர் 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பைக் கொண்டுவந்தது. 45 வருஷம் அதே பெயரில் விற்றுவிட்டு, உலகம் முழுதும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த 2020-ல்தான் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தார்கள். குழாய் இன்னும் விற்கிறது.

ஆகவே இது வடக்கே மட்டும் உள்ள நோய் என்று நாம் மார்தட்ட முடியாது. நம் திரைப்படங்களைப் பாருங்கள். கறுப்பான ரஜினிகாந்தை, விஜயகாந்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். அவர்களுக்கு ஜோடி தேட மட்டும் வடக்கே ரயில் ஏறினோம். குஷ்பு, சிம்ரன், ஜோதிகா, தமன்னா எல்லாரும் மும்பையிலிருந்து வந்தவர்கள். ஆணுக்குக் கறுப்பு கம்பீரம், பெண்ணுக்குக் கறுப்பு குறை. தங்கர் பச்சான் 2002-ல் 'அழகி' எடுத்தபோது கறுத்த தமிழ்க் கிராமத்துப் பெண்ணாக நடிக்க வந்தவர் தில்லி மிராண்டா ஹவுஸில் படித்த நந்திதா தாஸ். இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கிடைத்த கறுப்பு அழகியும் தில்லியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. சென்னையில் 2009-ல் தொடங்கிய 'கறுப்பே அழகு' இயக்கத்துக்கு 2013-ல் முகமாக நின்றவரும் அவரேதான்.

உடம்பின் கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பெண் 'பூசினாற்போல்' இருக்க வேண்டும் என்பார்கள். பஞ்சாபிகளின் கல்யாண வீட்டிலும் சதைப்பிடிப்புக்குக் குறையில்லை. ஆனால் பெண் பார்க்கும் விளம்பரத்தில் மட்டும் 'ஸ்லிம்' வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் தில்லியில் நூற்றுக்கு 41 பேர், தமிழ்நாட்டில் 40 பேர். நாடு முழுதும் சேர்த்து 24 பேர்தான். இட்லியோ பராட்டாவோ, உடம்பு ஒன்றுபோலத்தான் பெருத்திருக்கிறது. பார்க்கிற கண்தான் ஊருக்கு ஊர் வேறு.

குஷ்புவைச் சொன்னேன். இந்தப் பேச்சில் அவரைச் சும்மா தாண்டிப் போக முடியாது. மும்பைப் பெண். 1991-ல் 'சின்னத் தம்பி' வந்த பிறகு நம் மக்கள் அவர்மேல் கொண்ட பித்தை இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள். மெத்தென்ற இட்லிக்கு அவர் பெயர் வைத்தோம். வெளுப்பும் பூசின உடம்பும் ஒருங்கே அமைந்த நம் கனவுப் பெண் அவர். அதே குஷ்பு 2005 செப்டம்பரில் 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்பில் ஒரு கருத்துச் சொன்னார். மணப்பெண் கன்னியாக இருந்தே ஆக வேண்டும் என்று படித்த ஆண்கள் எதிர்பார்க்கக் கூடாது, திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண் நோயும் கருவும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வளவுதான்! துடைப்பமும் செருப்பும் கையில் ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்ப் பெண்ணின் மானம் போயிற்று என்று ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய மறுத்தது. கடைசியில் 2010 ஏப்ரல் 28 அன்று இங்கே தில்லியில் உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்குகளையும் தள்ளுபடி செய்தது.

அவர் சொன்ன கருத்தோடு நீங்கள் உடன்படலாம், படாமலும் இருக்கலாம். எனக்கே அன்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடக்கத்திப் பெண்ணின் உடம்பைக் கோயில் கட்டி வைத்துக்கொண்டோம். அவர் வாயைத் திறந்ததும் வெளியூர்க்காரி என்றோம். என் அண்ணன் தொலைபேசியில் கேட்டதும் இதேதானே?

இனி இந்த 'டேட்டிங்' சமாசாரம். தமிழில் இதற்குச் சொல் இல்லை. காதல் என்றால் நமக்கு அது கல்யாணத்தில் முடிய வேண்டும், அல்லது கண்ணீரில். ஒருவரோடு நாலு முறை காபி குடித்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று கை கொடுத்துப் பிரிவது காதலாகாது. அப்படிச் செய்கிற பெண்ணுக்கு ஊரில் வேறு பெயர் வைப்பார்கள். சென்னை மாநகரப் பேருந்தில் ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். தில்லியிலோ லோதித் தோட்டத்துக் கல்லறை மண்டபங்களின் நிழலில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். பார்த்த முதல் வருஷம் நான் முக்காடு போடாத குறையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

ஆனால் 'தில்லி கெட்ட ஊர், நம் ஊர் கட்டுப்பாடான ஊர்' என்ற கதையை இத்தனை வருஷம் இங்கே இருந்த பிறகு என்னால் நம்ப முடியவில்லை. தில்லி என்பது ஒரே ஊர் அல்ல. வடக்கு வளாகத்துக் கல்லூரியில் பையன்களோடு தோளில் தட்டிப் பேசுகிற அதே பெண் மாலையில் நஜஃப்கர் பஸ்ஸில் ஏறியதும் துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஹரியானாவில், கைத்தல் மாவட்டத்து மனோஜும் பப்லியும் ஒரே கோத்திரத்தில் மணந்தார்கள் என்று 2007-ல் கொன்றார்கள். நம் பக்கம் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரை நடுத்தெருவில் வெட்டினார்கள். சாதி மாறி மணந்த கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். இதில் எந்த ஊர் எந்த ஊரைப் பார்த்து விரலை நீட்டுவது?

2012 டிசம்பர் 16-ஐ எங்கள் ராமகிருஷ்ணபுரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பெண் தன் நண்பரோடு சாகேத்தில் சினிமா பார்த்துவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறிய முனிர்க்கா நிறுத்தம் எங்கள் நிறுத்தம். காய்கறிப் பையோடு எத்தனையோ நாள் நான் நின்ற இடம். செய்தி வந்த இரண்டாம் நாள் குடியிருப்பில் நாலு தமிழ்ப் பெண்மணிகள் கூடினோம். ஒருவர் சொன்னார், "ராத்திரி நேரத்தில பையனோட என்ன சினிமா?" யாரும் மறுக்கவில்லை, நானும்தான். அந்தப் பையனும் இரும்புக் கம்பியால் அடிபட்டுக் கிடந்தான் என்பது நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண் 29-ஆம் தேதி சிங்கப்பூரில் உயிர்விட்டாள். அன்று மாலை கல்லூரியிலிருந்து வந்த என் மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, எனக்கு இப்படி ஏதாவது ஆகிற மாதிரி இருந்தா, பக்கத்தில ஒரு பையன் இருந்தா, நான் உனக்குப் போன் பண்ணலாமா?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நம் கண்டிப்பு பிள்ளைகளைச் சந்திப்பிலிருந்து தடுப்பதில்லை, வாசகர்களே. நமக்குச் சொல்வதிலிருந்துதான் தடுக்கிறது. எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பெண்தான் இந்த ஊரில் அதிக ஆபத்தில் இருக்கிறாள்.

இப்போது அண்ணன் மகள் கதைக்கு வருகிறேன். சென்ற வருஷம் மேற்கு தில்லியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்ல வேலை, நம் பக்கத்துக்காரர்கள், ஜாதகம் பொருந்திற்று. அண்ணன் அனுப்பிய புகைப்படம் கைத்தொலைபேசியில் வெளுப்பாக்கியது. எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எல்லாரும் செய்வதுதானே என்று விட்டுவிட்டோம். வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பையனின் தாயார் என்னைச் சமையலறைக்கு அழைத்து வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க அக்கா, போட்டோல வேற மாதிரி இருந்துச்சு." கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் காது கேட்காதா என்ன?

அவர்கள் போன பிறகு அவள் அழவில்லை. தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். "அத்தே, ஆபீசில கூட வேலை பார்க்கிறவனுக்கு என் நிறம் முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் பேசுறான். அவன்கூட ஒரு காபி குடிக்கப் போனா தப்பு. பொய்ப் போட்டோவைப் பார்த்து வந்து, நிஜத்தைப் பார்த்து எந்திரிச்சுப் போறவன் முன்னால புடவை கட்டி உட்கார்ந்தா அது மட்டும் மானமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பெண் பார்க்கும் படலமும் ஒருவகை டேட்டிங்தான். வித்தியாசம், அதில் ஒரு பக்கத்துக்குத்தான் கண் உண்டு. அங்கே உடம்பைப் பார்ப்பது குற்றமில்லை, ஏனென்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அதற்காகத் தில்லிப் பிள்ளைகளின் பழக்கம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அவளைக் காபிக்கு அழைத்த ஒருவனே, "சவுத் இண்டியனா இருந்தும் நீ அழகா இருக்கே" என்று புகழ்ந்தானாம். அதோடு அவனைத் தலைமுழுகினாள். இந்தக் காலத்து ஆண்பிள்ளைகளும் பாவம்; என் மகன் டப்பா டப்பாவாகப் புரதப் பொடியைக் கலக்கிக் குடித்துவிட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் கிடக்கிறான். கண்ணாடி எல்லாரையும் படுத்துகிறது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம் முன்பு என் மகன், லூதியானாப் பெண் ஒருத்தியோடு பழகுகிறேன் என்று வந்து சொன்னான். மதம் என்ன, சாதி என்ன, மீன் சாப்பிடுவாளா என்றெல்லாம் கேட்பதற்கு முன் என் வாயில் வந்தது, "நிறமா இருப்பாளோ?" இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டேன்! அண்ணன் மகள் யாரையாவது அழைத்து வந்திருந்தால் நான் அப்படிச் செய்திருப்பேனா? பையன் என்றால் 'பழகுகிறான்', பெண் என்றால் 'சுத்துகிறாள்'. அகராதியே நம் வீட்டில் இரண்டு.

நம் சங்கங்கள், கோயில்கள் வழியாக வரன் பதிவு செய்துகொள்கிற வழக்கம் தில்லியில் வெகுநாளாக உண்டு. பல நல்ல குடும்பங்கள் அப்படிச் சேர்ந்திருக்கின்றன. நான் பார்த்த படிவங்களில் உயரம், நட்சத்திரம், சம்பளத்துக்கு நடுவே 'நிறம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஷாதி டாட் காம் என்ற பெரிய திருமணத் தளமே 2020-ல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கிவிட்டது. லாபத்துக்கு நடத்துகிறவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காகிதமும் மிச்சம். வேண்டுமானால் அந்த இடத்தில், பெண்ணும் பையனும் பெரியவர்கள் இல்லாமல் இரண்டு மூன்று தடவை சந்தித்துப் பேசச் சம்மதமா என்று ஒரு கேள்வி போடலாம். 'இல்லை' என்று எழுதுகிற வீட்டைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்துகொண்டதாக இருக்கும்.

வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். யாரோடு வெளியே போனாலும் எனக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் தெரிய வேண்டும். கேள்வி கேட்க மாட்டேன். அவள் ஒப்புக்கொண்டாள். கேள்வி கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. போன மாதம் அலுவலக நண்பன் ஒருவன் அவளைக் கொண்டுவிட வந்தவன், உள்ளே வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனான். போபால்காரனாம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

புகைப்படத்தையும் அனுப்பிவிட்டேன். மாலை வெயிலில், மாடி முகப்பில், நீலப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் அதை வெளுப்பாக்கவில்லை. மறுநாள் அண்ணன் கூப்பிட்டு, "படம் கொஞ்சம் இருட்டா விழுந்துருக்கே" என்றார்.

"இருட்டு இல்லண்ணே. அவ அப்படித்தான் இருப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அங்கே குளிர் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்தப் படத்தை அவர் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்று மதினி சொன்னாள்.